ஒற்றைக்கால் டியூக்

வால்தோர்பாவில் மூடுபனி இறங்கிவிட்டால் பெண்கள் அதன்மேலேயே துணி உலர்த்துவார்கள். உலராது, ஆனால் கீழேயும் விழாது. வெளியூர்க்காரர்கள் இதை நம்புவதில்லை. நவம்பரில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

அந்தப் பனிக்குள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் இசோத்தாவின் தொழில். ஐம்பதை நெருங்கியவள், அகன்ற தோள், அதைவிட அகன்ற குரல். கண்ணை நம்பாதே, மூக்கை நம்பு என்பது அவளுடைய முதல் பாடம். சாணி மணம் வந்தால் பண்ணை, வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். பாலாடைக்கட்டி மணம் வந்தால் கடைவீதி, வேகத்தைக் குறைக்க வேண்டும். மீன் மணம் வந்தால் அது போ என்கிற நதி, நின்றுவிட வேண்டும். மேயர் பிரிமோ மீன் மணத்தைக் கொஞ்சம் தாமதமாகக் கண்டுகொண்டவர். அவரைக் கயிறு கட்டிக் கரையேற்றியபோது காரின் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்த கெண்டை மீன்களை அன்றைக்கு இசோத்தாதான் பொரித்துப் பரிமாறினாள்.

தொழில் இது. பிறப்பால் அவள் வால்தோர்பா சமஸ்தானத்தின் டச்சஸ். அதாவது, அவள் அப்படிச் சொன்னாள். அவள் அப்பா ஊகோவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சமஸ்தானம் எப்போதோ போய்விட்டது. இத்தாலி ஒரே நாடான வருஷத்தில் கடைசி டியூக் ஃபெரான்தே ஒரு விடியற்காலையில் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார், திரும்பவில்லை. பின்னால் அரசரும் போய்க் குடியரசு வந்தது. பட்டம், பரம்பரை எல்லாம் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதனால் என்ன? இருக்கிற சிம்மாசனத்தைவிட இல்லாத சிம்மாசனத்துக்குத்தான் போட்டி அதிகம். தவிர, அரண்மனை இருந்தது. அதை 'என் குடும்பத்தின் தலைவருக்கு' என்று ஃபெரான்தே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தலைவர் யார் என்று சொல்ல மட்டும் மறந்துபோனார். வண்டி காத்திருந்ததல்லவா.

அவருடைய மூத்த மகன் ஒரு சத்திரக்காரனின் மகளை ஊர்க்கோயிலில் மணந்துகொண்டான். அடுத்த வருஷமே போ நதி கோயிலுக்குள் வந்து கல்யாணப் பதிவுகளைத் தின்றுவிட்டது. அந்த வழியில் வந்தவள் இசோத்தா. இளைய மகன் வியன்னாவில் ஒரு சீமாட்டியை மணந்தான். அந்த வழியில் வந்தவன் பல்தஸாரே. அவன் தூரினில் இருந்தான். நெஞ்சு நிறையப் பதக்கம். எந்தப் போரில் வாங்கியவை என்று கேட்டால் வானிலையைப் பற்றிப் பேசுவான்.

"சத்திரக்காரி பெத்த பிள்ளைக்கு அப்பா யாருன்னு எங்களைக் கேட்டா எப்படி? அந்தச் சத்திரத்துல தங்கிட்டுப் போனவங்களைக் கேளுங்க" என்று அவன் நீதிமன்றத்தில் வைத்துச் சொன்னான். கூடத்தில் சிரித்தார்கள். ஊகோ அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவர், அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

அரண்மனைச் சமையலறைக்கு மேலே உள்ள இரண்டு அறைகளில்தான் அப்பாவும் மகளும் இருந்தார்கள். மற்ற அறைகளில் ஆந்தைகள் இருந்தன. வீடு போனால் போகட்டும் என்றுகூட இசோத்தா நினைத்திருப்பாள். அந்த ஒரு வாக்கியம் ஊரில் நின்றுகொண்டிருக்கும்போது அவளால் சாப்பிட முடியவில்லை.

நீதிபதிகள் சலித்துப்போய் ரோமில் இருக்கும் பழைய பிரபுக்களின் சபைக்கு விஷயத்தைத் தள்ளிவிட்டார்கள். சபையின் மூத்தவர் மார்க்கீஸ் ஃபுல்ஜென்சியோ, சான் மார்த்தினோ திருநாளன்று நேரில் வந்து தீர்ப்புச் சொல்வார். இரு தரப்பும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

சான் மார்த்தினோ என்றால் எங்கள் சமவெளியில் வீடு மாறும் நாள். குத்தகை முடிந்தவர்கள் அன்றைக்குத்தான் கட்டில், கோழிக்கூண்டு, மாமியார் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றுவார்கள். தோற்றால் அன்றைக்கே கிளம்ப வேண்டியிருக்கும் என்பதால் இசோத்தா முதல் நாளே தன் சாமான்களை வண்டியில் ஏற்றி முற்றத்தில் நிறுத்திவிட்டாள்.

"ஏண்டி, தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே மெத்தையை ஏத்திட்டியே. நைட்டு எதுலடி படுப்பே?" என்று கேட்டாள் ஆர்ஜியா. அரண்மனை அடுப்பைப் பார்த்துக்கொள்பவள் அவள். இசோத்தாவைவிடக் கொஞ்சம் மூத்தவள், நிறையப் பேசுபவள்.

"வண்டியிலேயே படுப்பேன். அவன் வந்து என் மெத்தையைத் தெருவுல எறியறதை நான் பாக்கணுமா?"

"அவன் எறிய மாட்டான். ஆள் வெச்சு எறிவான். அரண்மனையை ஓட்டலாக்கி, நம்ம அடுப்பை இடிச்சுட்டு வெந்நீர்த் தொட்டி கட்டப்போறானாம். ஓட்டலுக்கு வர்றவங்க குளிக்கறதுக்கு."

"குளிக்கட்டும். அவனும் குளிக்கட்டும், பதக்கத்தோட."

அந்த அடுப்பு விஷயத்தில்தான் ஊர் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சான் மார்த்தினோவுக்கும் ஊர் அந்த அடுப்படியில்தான் கூடும். கொதிக்கும் கறிச்சாறு, அதில் இறைச்சி பொதிந்த அன்யோலிக் கொழுக்கட்டை நாலைந்து மிதக்கும், அதன் தலையில் நுரைக்க நுரைக்கச் சிவப்பு ஒயின். கரண்டி கிடையாது, நாற்காலி கிடையாது. மேஜைக்கு முதுகைக் காட்டி, நெருப்பைப் பார்த்து நின்று, கிண்ணத்தை இரண்டு கையால் தூக்கிக் குடித்துவிட வேண்டும். அந்தக் கிண்ணம் கைக்கு வந்துவிட்டால் வால்தோர்பாக்காரனுக்கு உடம்பு தானாகத் திரும்பும். பிரிமோவின் தாத்தா ஒருவர் சவப்பெட்டியில் கிடந்தபோது யாரோ கிண்ணத்தைப் பக்கத்தில் கொண்டுபோக, அவர் அடுப்புப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தார் என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் அப்படியேதான் புதைத்தார்கள்.

பிரிமோ கட்சிக்காரர், கழுத்தில் சிவப்புத் துணி கட்டுபவர். டியூக் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. "எங்களுக்கு டியூக்கே வேண்டாம்" என்று கட்சி அலுவலகத்தில் மேஜையைத் தட்டிச் சொன்னார். "ஆனா அந்த வேண்டாத டியூக்கு நம்ம ஊர் ஆளாத்தான் இருக்கணும். தூரின்காரனை நாங்க எதுக்கு வேண்டாம்னு சொல்லணும்?" தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

சான் மார்த்தினோ அன்று பனி எப்படி இருந்ததென்றால், மார்க்கீஸின் கார் கோயில் மணிக்கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்து பெட்ரோல் தீர்ந்து நின்றது. கடைசியில் இரண்டு எருதுகள் கட்டி அரண்மனை முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள். உள்ளேயிருந்து இறங்கினார் மார்க்கீஸ் ஃபுல்ஜென்சியோ: ஒல்லி, நெடுநெடு, வெள்ளை மீசை, யாரும் தனக்கு முன்னால் இருமக்கூடாது என்கிற மாதிரி ஒரு பார்வை. ஊரே திரண்டுவிட்டதால் சமையலறைக்குள் இடமில்லை. ஆர்ஜியா பெரிய கொப்பரையை வெளியே கொண்டுவந்து, முற்றத்துச் சமையலறைச் சுவரோரம் தீ மூட்டியிருந்தாள். எதிரே நீள மேஜை. நடுவில், பனிக்குள் பாதி மறைந்து, டியூக் ஃபெரான்தேயின் வெண்கலச் சிலை.

அந்தச் சிலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஃபெரான்தே தானே நின்று வடிக்கச் சொன்ன சிலை. ஆனால் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமையலறைச் சுவரைப் பார்த்து நிற்கிறது. இரண்டு கையும் வாய்க்கு நேராகத் தூக்கியிருக்கின்றன, கையில் ஒன்றும் இல்லை. இடது முழங்கை வலதைவிட மேலே. இது போதாதென்று இடது காலில் மட்டும் நிற்கிறது. வலது பாதம் இடது கெண்டைக்காலுக்குப் பின்னால் கொக்கி போல மாட்டியிருக்கிறது. பாதிரியார்கள் அதைப் பிரார்த்தனை என்றார்கள். பிரிமோ, மக்கள் முகத்தில் முழிக்க வெட்கம் என்றார். சிற்பி ஒரு காலுக்கான வெண்கலத்தை விற்றுக் குடித்துவிட்டான் என்பது பொதுவான அபிப்பிராயம்.

பல்தஸாரேவுக்கு வேறு கதை இருந்தது. பட்டுத்துணி சுற்றிய நீளமான ஒன்றை இரண்டு ஆட்கள் தூக்கி வந்தார்கள்.

"மதிப்புக்குரிய மார்க்கீஸ் அவர்களே, என் முப்பாட்டனார் போருக்குப் புறப்படும் முன் தன் வாளை முத்தமிடும் கோலம் இது. காலில் காயம்பட்டு நிற்கிறார். வாளை யாரோ திருடிவிட்டார்கள். இன்று நான் அதைத் திருப்பித் தருகிறேன்!"

துணியை உருவினான். புதுவெண்கல வாள் பளபளத்தது. ஆட்கள் ஏணி வைத்து ஏறி அதைச் சிலையின் கைகளுக்குள் நுழைத்தார்கள். நேராக வைத்தால் நழுவியது. சாய்த்து வைத்தால் நுனி டியூக்கின் மூக்குக்குள் போனது. கடைசியில் மூக்குக்குள்ளேயே விட்டார்கள்.

"சளி பிடிச்சிருக்கு போல" என்றார் பிரிமோ.

மார்க்கீஸ் தொண்டையைச் செருமினார். கூட்டம் அடங்கியது. உரிமை கேட்கும் இருவரும் மேஜைக்கு முன்னால், அவருக்கு நேரே முகம் காட்டி நிற்க வேண்டும். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பல்தஸாரே தன் முன்னோர்களைப் பெயர் பெயராக ஒப்பித்தான், வியன்னாவில் அவர்கள் வைத்திருந்த நாய்கள் உட்பட. இசோத்தா அன்றைக்கென்று ஆர்ஜியாவின் தங்கையிடம் இரவல் வாங்கிய கறுப்புப் பாவாடையில் நின்றாள். அது அவளுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழேதான் வந்தது. மாற்றுவதற்கு வேறு பாவாடை எல்லாம் வண்டியில் கட்டுக்குள் இருந்தன.

"உங்கள் கொள்ளுப்பாட்டியின் திருமணத்துக்கு என்ன ஆதாரம்?" என்றார் மார்க்கீஸ்.

"ஆத்துல இருக்குங்க ஐயா."

"வேறு?"

"நான் இருக்கேன்."

"அதைத்தான் கேட்கிறேன் அம்மா. நீங்கள் யார்?"

இசோத்தா வாயைத் திறந்தாள். கார் ஓட்டத் தெரியாத ஊரையே திட்டித் திட்டி ஓட்ட வைத்த வாய், அப்போது பார்த்து ஒரு சொல்லும் வராமல் நின்றது. நீதிமன்றத்துச் சிரிப்புதான் காதில் கேட்டது.

"தங்கச்சி, சத்திரத்துப் பதிவேடாவது கிடைக்குமான்னு பாரு" என்றான் பல்தஸாரே மெதுவாக.

அந்த நேரம் மதிய மணி அடித்தது. மணி அடித்தால் கொப்பரை திறக்க வேண்டும். தீர்ப்பாவது, மார்க்கீஸாவது, ஆர்ஜியாவுக்கு வேலைதான் முக்கியம். முதல் கிண்ணத்தை பல்தஸாரேயிடம் நீட்டினாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, கரண்டி கேட்டு, ஒயினை வேண்டாம் என்று ஒதுக்கி, மார்க்கீஸைப் பார்த்துப் புன்னகை செய்தபடி ஒரு வாய் எடுத்தான். கூட்டத்தில் ஒரு கிழவி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

இரண்டாவது கிண்ணம் இசோத்தாவின் கைக்கு வந்தது. சூடு உள்ளங்கையில் ஏறியது, சிவப்பு நுரை மூக்கில் ஏறியது. மார்க்கீஸ் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? உடம்பு திரும்பிவிட்டது. ரோமிலிருந்து வந்த சபையின் மூத்தவருக்கு முழு முதுகையும் காட்டி, நெருப்பைப் பார்த்து நின்று, கிண்ணத்தைத் தூக்கிக் குடிக்க ஆரம்பித்தாள்.



"என் வாழ்நாளில்" என்றார் மார்க்கீஸ், மீசை துடிக்க, "எனக்கு யாரும் முதுகைக் காட்டியதில்லை! மன்னர் இருந்த காலத்தில் மன்னர்கூடக் காட்டியதில்லை!"

"பாத்தீங்களா ஐயா?" பல்தஸாரே எழுந்துவிட்டான். "சத்திரத்துப் பழக்கம். ரத்தம் சொல்லுது!"

இசோத்தாவுக்கு எல்லாம் கேட்டது. தோற்றுவிட்டோம் என்றும் புரிந்தது. ஆனால் கிண்ணம் பாதியில் இருந்தது; பாதியில் இறக்கும் வழக்கம் வால்தோர்பாவில் இல்லை. தொடர்ந்து குடித்தாள்.

மார்க்கீஸ் கைத்தடியை ஊன்றி எழுந்தார். தொப்பியை வைத்தார். காருக்குப் போகத் திரும்பினவர் அப்படியே நின்றுவிட்டார்.

கொப்பரையின் ஆவியிலும் தீயின் சூட்டிலும் முற்றத்துப் பனி மெல்ல விலகியிருந்தது. சுவருக்கு எதிரே இரண்டு முதுகுகள் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன. ஒன்று வெண்கலம், ஒன்று இரவல் பாவாடை. இரண்டிலும் தோள் ஒரே மாதிரிக் குனிந்திருந்தது. இரண்டிலும் இடது முழங்கை வலதைவிட மேலே. மார்க்கீஸின் பார்வை கீழே இறங்கியது. இசோத்தா இடது காலில் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். வலது பாதம் இடது கெண்டைக்காலுக்குப் பின்னால் கொக்கி போல மாட்டியிருந்தது.

"அம்மா" என்றார் மார்க்கீஸ், குரல் மாறி. "அசையாதீர்கள்."

"குடிச்சு முடிக்காம எங்கே அசையறது?" என்றாள் இசோத்தா கிண்ணத்துக்குள்ளிருந்து.

"நீங்கள் எப்போதும் இப்படித்தான் நிற்பீர்களா?"

"எப்படி?"

தான் எப்படி நிற்கிறோம் என்பது அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. பின்னாலிருந்து தன்னைத் தானே பார்த்தவர் யார்? ஊருக்கும் தெரியாது. சமையலறை நெரிசலில் காலை யார் பார்ப்பார்கள். குடிக்கும்போது எல்லோர் முகமும் அவரவர் கிண்ணத்துக்குள் அல்லவா இருக்கும்? தவிர அவள் வழக்கமாக அணிவது தரையைக் கூட்டும் நீளப் பாவாடை.

ஆர்ஜியாதான் கரண்டியைக் கீழே போட்டாள். "அய்யய்யோ! ஒவ்வொரு சான் மார்த்தினோ முடிஞ்சும் இவ இடது காலுறைக்குப் பின்னாடி ஷூ அழுக்கு இருக்கும். துவைச்சுத் துவைச்சு எனக்குக் கை போச்சு. இவங்க அப்பன் காலுறையிலயும் இருக்கும். அப்பனும் மகளும் அடுப்பங்கரையில என்னதான் பண்றாங்கன்னு நான் மண்டையை உடைச்சுக்கிட்டேனே!"

"வாளை எடுங்கள்" என்றார் மார்க்கீஸ்.

"மதிப்புக்குரிய..." என்று ஆரம்பித்தான் பல்தஸாரே.

"மூக்கிலிருந்து வாளை எடுங்கள்!"

பிரிமோவே ஏணியில் ஏறி வாளைப் பிடுங்கிக் கீழே போட்டார். ஆர்ஜியா ஒரு காலிக் கிண்ணத்தை எட்டிக் கொடுத்தாள். சிலையின் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அதை வைத்ததும் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வைத்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. விளிம்பு டியூக்கின் கீழுதட்டில் சரியாகப் பொருந்தியது. ஊர் இத்தனை காலமாகப் பிரார்த்தனை என்றும் வெட்கம் என்றும் சண்டை போட்ட சிலை, வெறுமனே சூப் குடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப ஒரிஜினல் கிண்ணம் எங்கே போச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஊரை விட்டு ஓடும்போது வழியில குடிக்க எடுத்துட்டுப் போயிருப்பாரு" என்றார் பிரிமோ ஏணியிலிருந்து. முதல் முறையாக அந்த டியூக்மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்திருந்தது.

பல்தஸாரே விடவில்லை. "இதெல்லாம் ஒரு ஆதாரமா? ஒத்தைக் கால்ல யார் வேணா நிக்கலாம்!"

"நில்லுங்கள்" என்றார் மார்க்கீஸ்.

பல்தஸாரே கிண்ணத்தை வாங்கினான். நெருப்புப் பக்கம் திரும்பினான். வலது காலைத் தூக்கி மாட்டப் பார்த்தான்; மாட்டவில்லை. இடது காலைத் தூக்கினான். வலது கால் கோபித்துக்கொண்டது. பதக்கங்களின் எடை முன்னால் இழுக்க, ஆள் கொப்பரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தப்பித்தான். பதக்கங்கள் தப்பவில்லை. ஆர்ஜியா அகப்பையை விட்டுத் துழாவி ஒன்றை வெளியே எடுத்தாள்.

"அண்ணே, இதுல என்னவோ எழுதியிருக்கே" என்று இசோத்தா அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். "'தூரின் நடனப் போட்டி. ஆறுதல் பரிசு.'"

சிரிப்பு எழுந்தது பாருங்கள், அது போ நதியைத் தாண்டி அக்கரையில் கேட்டதாம். அக்கரைக்காரர்கள் ஏன் என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்களாம். நீதிமன்றத்துச் சிரிப்பு அந்தச் சிரிப்பில் அடித்துக்கொண்டு போயிற்று. இசோத்தா மட்டும் சிரிக்கவில்லை. சிலையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அப்பா அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இதே மாதிரி நின்று குடித்துக்கொண்டிருந்தார், நடுவில் ஒரு செங்கல் சுவர்தான்.

மார்க்கீஸ் தொப்பியைக் கழற்றினார். மெல்ல, முழங்கால் ஒத்துழைத்த அளவுக்குக் குனிந்து, இசோத்தாவின் கையை முத்தமிட்டார். "மாண்புமிகு டச்சஸ் அவர்களே. வால்தோர்பா குடும்பத்தின் தலைவி நீங்கள். உங்கள் தந்தை உங்களுக்கு முன்னால் தலைவராக இருந்தார். இதை நான் ரோமில் சொல்வேன், எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்."

"முதல்ல தூரின்ல சொல்லுங்க ஐயா" என்றாள் இசோத்தா.

அப்புறம் மார்க்கீஸ் ஒரு கிண்ணம் கேட்டார். அவர் தயங்கித் தயங்கித் திரும்பி, ஊருக்கு முதுகைக் காட்டி நின்று குடித்ததை எல்லோரும் பார்த்தார்கள். மூன்றாவது கிண்ணத்துக்கு அவருக்கே திரும்பத் தெரிந்துவிட்டது. பல்தஸாரே எப்போது கிளம்பினான் என்று யாரும் கவனிக்கவில்லை. பனி மறுபடி இறங்கியபோது மணிக்கூண்டைச் சுற்றி ஒரு கார் வெகுநேரம் போய்க்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. மூக்கால் ஓட்டத் தெரியாதவன்.

ஊரில் மற்றவர்களெல்லாம் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த அந்த நாளில் இசோத்தா இறக்கினாள்.

"பிரிமோ, அந்தப் பக்கத்தைப் பிடி" என்றாள் மெத்தையின் ஒரு முனையைத் தூக்கி. அது அவளுடைய முதல் அரசகட்டளை.

பிரிமோ கழுத்துத் துணியைச் சரிசெய்தார். "இதோ பார், நான் டச்சஸோட மெத்தையைத் தூக்கலை. ஒரு தோழரோட மெத்தையைத் தூக்கறேன். கட்சிக்குத் தெரியணும்."

"தெரியட்டும் தோழரே. படிக்கட்டு வருது, பாத்து. மீன் வாசனை வந்தா நின்னுடு."

மெத்தை மேலே போனது; கட்டில் போனது; அப்பாவின் நாற்காலியை மட்டும் அவள் யாரிடமும் தராமல் தானே தூக்கிப் போனாள். சன்னலைத் திறந்துவைத்தபோது கீழே அடுப்பும், அடுப்பைப் பார்த்தபடி டியூக்கும், டியூக்கைச் சுற்றிக் கிண்ணமும் கையுமாக ஊரும் நின்றிருந்தது.

போகும்போது ஆர்ஜியா சிலையின் கிண்ணத்திலும் கறிச்சாறு ஊற்றி, மேலே ஒயின் விட்டு வைத்தாள். மறுநாள் காலையில் கிண்ணம் காலி. புறாக்கள் என்றார் பிரிமோ. இருக்கலாம். ஆனால் சிலை வலது காலில் நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு காலம் ஒரே காலில் நின்றால் யாருக்குத்தான் மாற்றி நிற்கத் தோன்றாது?